பிக்செலுக்குள் ஒரு ‘ப’

லினக்ஸ் கணினியில் தமிழ் படிப்பவர்கள், எழுத்து அழகாகத் தெரிந்தால் எழுத்துருவைப் புகழ்வார்கள். மங்கலாகத் தெரிந்தால் அதையே திட்டுவார்கள். அந்தப் புகழிலும் பழியிலும் இரண்டு திறமூல நிரல்களுக்குப் பெரும்பங்கு உண்டு. எந்த வடிவம் எந்த இடத்தில் வர வேண்டும் என்று முடிவு செய்வது ஹார்ஃப்பஸ். அந்த வடிவத்தைத் திரையின் பிக்செல்களாக நிரப்புவது ஃப்ரீடைப். ஜிடிகே, க்யூட்டி ஆகிய கருவித்தொகுப்புகளில் உருவான செயலிகள் லினக்ஸில் இந்த இரண்டையும் நம்பித்தான் எழுத்தைக் காட்டுகின்றன.

இவற்றின் திறமையைப் பார்க்கத் தமிழ் அருமையான உரைகல். ‘கொ’ என்பது நினைவகத்தில் ககரமாகவும் அதன்பின் ஒகரக் குறியாகவும் கிடக்கிறது. ஹார்ஃப்பஸ் அந்தக் குறியை இரண்டாக உடைத்து, கொம்பை முன்னால் கொண்டுபோய் வைக்கிறது. ஸகரத்தில் தொடங்கி ஒரு ஸ்ரீயும், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கி இன்னொரு ஶ்ரீயும் அடித்துப் பார்க்கலாம். நல்ல எழுத்துருவில் இரண்டும் ஒரே வடிவமாக வந்து நிற்கும்.

இதையெல்லாம் இயந்திரமே சோதித்துவிடும். இன்ன எழுத்துத்தொடர் கொடுத்தால் இன்ன வடிவங்கள், இன்ன இடத்தில் வர வேண்டும் என்ற எதிர்பார்ப்புகளை ஹார்ஃப்பஸின் சோதனைக் கோப்புகள் பதிந்து வைத்திருக்கின்றன. ஜிடிகேயின் சோதனைகளில் ஒரு வகை, இரண்டு படங்களைப் பிக்செல் பிக்செலாக ஒப்பிடுகிறது. ஆனால் இரண்டு படமும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் அந்தச் சோதனை தேறிவிடும். அழகைச் சொல்லக் கண்தான் வேண்டும்.

கண்ணுக்குச் சிறந்த பாடம் ‘பபபபபபபப’. சிறிய அளவில் அடித்து, திரைப்பிடிப்பு எடுத்து, கிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளில் 800 சதவீதம் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் எழுத்தையும் முழுப் பிக்செலில் மட்டுமே நிறுத்தும் மென்பொருளில் நிற்கும் கோடுகள் எல்லா எழுத்திலும் ஒன்றுபோல இருக்கும். இடைவெளிகள் ஓரிடத்தில் நெருங்கி, ஓரிடத்தில் அகலும். பிக்செலின் பின்னங்களிலும் நிறுத்தத் தெரிந்த மென்பொருளில் இடைவெளி சீராகும். ஆனால் ஒரு கோடு கருத்தும் அடுத்தது சாம்பல் பூத்தும் தெரியும். நீண்ட கட்டுரை படிப்பவருக்கு இரண்டாவதே இதம். பட்டியல் பெட்டிகளின் குட்டி எழுத்துக்கு முதலாவது பொருந்தும்.

அடுத்தது ‘ப’வின் அடிக்கோடு. எழுத்தைப் பிக்செல் வரிசைக்கு இழுத்து நிறுத்தும் ‘ஹின்டிங்’ அங்கேதான் பளிச்சென்று தெரியும். ட்ரூடைப் எழுத்துருக்களுக்குள்ளேயே இருக்கும் ஹின்டிங் கட்டளைகளைக் காப்புரிமைச் சிக்கலால் ஃப்ரீடைப் நெடுநாள் இயல்பாக இயக்காமல் வைத்திருந்தது. 2010இல் அந்தக் காப்புரிமைகள் காலாவதியான பிறகுதான் 2.4 பதிப்பில் அவை இயல்பாக இயங்கத் தொடங்கின.  ஹின்டிங் முறையை மாற்றி மாற்றி வைத்து ‘ண்ணை’ போன்ற நெரிசலான இடங்களைப் பார்க்க வேண்டும்: சுழிக்குள் வெள்ளை மிஞ்சுகிறதா? புள்ளி எழுத்தோடு ஒட்டாமல் நிற்கிறதா?

கடைசியாக, நிறத்தை மாற்றிப் பார்க்கலாம். ஓரங்களின் சாம்பலைத் திரையின் ஒளித்தன்மைக்கு ஏற்பக் கலக்காத மென்பொருளில் வெள்ளைமேல் கறுப்பு தடித்தும், கறுப்புமேல் வெள்ளை மெலிந்தும் தோன்றும். இருண்ட பின்னணியில் படிப்பவர்கள் ‘ழ’வின் வாலை அங்கேயே வைத்துப் பார்த்துவிட்டு எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பது நல்லது.