ஸ்டாஃபோர்ட் டெரஸ் 18ஆம் எண்: ஒரு வீட்டின் சான்று மதிப்பு

விக்டோரியா காலத்து வீடொன்றை எடைபோடும்போது இரண்டு அளவுகோல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. கலைப்படைப்பாக அந்த வீடு என்ன பெறும் என்பது ஒன்று. தன் காலத்தைப் பற்றி அது எவ்வளவு சாட்சி சொல்லும் என்பது மற்றொன்று. முதலாவதில் தேறும் வீடு இரண்டாவதில் தோற்கலாம். இரண்டாவதில் ஓங்கி நிற்கும் வீடு முதலாவதில் நடுத்தரமாகவே நின்றுவிடலாம். லண்டன் கென்சிங்டனில் ஸ்டாஃபோர்ட் டெரஸ் தெருவின் 18ஆம் எண் வீடு இந்த வேறுபாட்டைச் சோதித்துப் பார்க்கப் பொருத்தமானது. ‘பஞ்ச்’ நகைச்சுவை இதழின் ஓவியர் எட்வர்ட் லின்லி சாம்போர்ன் 1875இல் மனைவி மரியனுடன் குடிபுகுந்து, 1910இல் இறக்கும்வரை வாழ்ந்த வீடு அது. இன்று அருங்காட்சியகம். அதன்மேல் சுமத்தப்படும் புகழுரைகளில் எவை நிற்கும், எவை சரியும் என்பதே இங்குள்ள கேள்வி.

முதலில் கட்டடம். அதற்குத் தனிச்சிறப்பு ஏதும் இல்லை. 1860களின் இறுதியிலிருந்து 1870களின் முற்பகுதிவரை விற்பனைக்கென ஒரே அச்சில் எழுப்பப்பட்ட வரிசை வீடுகளில் அதுவும் ஒன்று. கீழ்த்தளத்தில் சமையலறை, அதன்மேல் சாப்பாட்டு அறை, முதல் மாடியில் வரவேற்பறை, அதற்கும் மேலே படுக்கையறைகள், உச்சியில் பிள்ளைகளும் பணிப்பெண்களும் என்ற அடுக்குமுறை அந்தக் காலத்து லண்டன் நடுத்தர வர்க்கத்தின் பொது இலக்கணம். கட்டடக்கலை வரலாற்றில் இதற்கு இடம் தேடுவது வீண்.

அடுத்து உள் அலங்காரம். இங்கே பாராட்டும் குறையும் அருகருகே நிற்கின்றன. வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸின் சுவர்த்தாள், நீலவெள்ளைப் பீங்கான், வண்ணக் கண்ணாடிச் சாளரம், சுவரில் இடைவெளியே இல்லாமல் தொங்கும் படச்சட்டங்கள் என்று 1870களின் ‘கலைநயம் மிக்க வீடு’ என்ற கொள்கையைச் சாம்போர்ன் தயக்கமின்றி ஏற்றார். தேர்வில் ஆர்வம் உண்டு, கண்ணும் உண்டு. ஆனால் புதுமை இல்லை. முன்னோடிகள் கண்டடைந்ததை அவர் பின்தொடர்ந்தார். சுவர்களில் நிறைந்திருப்பவற்றில் பெரும்பகுதி மூல ஓவியங்களும் அல்ல, அச்சுப்படிகளும் நிழற்படங்களுமே. ரசனையின் வரலாற்றில் இந்த வீடு ஒரு பரவலின் சான்று. ஊற்றை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

ஆனால் பின்தொடர்ந்தவரின் வீட்டில்தான் முன்னோடியின் வீட்டில் கிடைக்காத ஒன்று கிடைக்கிறது. வரவேற்பறைச் சுவரைப் பாருங்கள். மாரிஸ் தாளின்மேல், தோல்போல் புடைப்பு வேலையும் பொன்னிறமும் கொண்ட விலையுயர்ந்த ஜப்பானியத் தாளைச் சாம்போர்ன் பிற்பாடு ஒட்டினார். சுவர் முழுவதும் ஒட்டவில்லை. படங்கள் மறைக்காத இடங்களுக்கு மட்டும் வெட்டி ஒட்டினார். சட்டங்களுக்குப் பின்னால் பழைய தாள் அப்படியே இருக்கிறது. வருமானத்துக்கும் ஆசைக்கும் இடையிலான கணக்கு அந்தச் சுவரிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பெரும் செல்வரின் மாளிகை எதுவும் இந்தச் செய்தியைத் தர முடியாது.

இப்படிப்பட்ட பொருட்சான்றை ஏட்டுச்சான்று வந்து தாங்குவதுதான் இந்த வீட்டின் உண்மையான பலம். 1877இல் எடுத்த வீட்டுப் பொருட்பட்டியல் இருக்கிறது. 1881இல் தொடங்கி, தான் இறந்த 1914வரை மரியன் எழுதிய நாட்குறிப்புகள் இருக்கின்றன; ஷெர்லி நிக்கல்சன் 1988இல் வெளியிட்ட நூல் அவற்றின் பயனைக் காட்டியது. ஆயிரக்கணக்கான நிழற்படங்கள் இருக்கின்றன. புதன்கிழமை இரவு ‘பஞ்ச்’ விருந்து மேசையில் முடிவாகும் கருத்தை வாரக் கடைசிக்குள் சித்திரமாக்க வேண்டிய நெருக்கடியில், சாம்போர்ன் தன்னையும் குடும்பத்தாரையும் வேலைக்காரர்களையும் வேண்டிய கோலத்தில் நிறுத்திப் படம் பிடித்து, அதைப் பார்த்து வரைந்தார். பொருள், பட்டியல், நாட்குறிப்பு, நிழற்படம் என்ற நான்கும் ஒன்றையொன்று சரிபார்க்கும் வாய்ப்பு எந்தக் காலத்து வீட்டிலும் அரிது. வரலாற்று முறையியலைக் கொண்டு பார்த்தால் இது முதல்தரச் சேர்க்கை.

இதே சேர்க்கை ஓர் இக்கட்டையும் எழுப்புகிறது. 1892 டிசம்பரில் ‘பஞ்ச்’ வெளியிட்ட சாம்போர்னின் புகழ்பெற்ற சித்திரம், கேப் நகரத்தில் ஒரு காலும் கெய்ரோவில் ஒரு காலுமாக நிற்கும் பிரிட்டிஷ் பேரரசு விரிவாக்கவாதி செசில் ரோட்ஸைக் காட்டியது. பேரரசின் முகத்தை வாராவாரம் வரைந்த வருமானத்தில் இந்த வீடு நடந்தது. சாம்போர்ன் தம் பிற்காலத்தில் கென்சிங்டன் தெருக்களில் பெண்களையும் பள்ளிச் சிறுமிகளையும் அவர்கள் அறியாமல் மறைவுக் கேமராவில் பிடித்த படங்களும் அதே சேகரத்தில் உள்ளன. வீட்டின் இனிமையை மட்டும் எடுத்துச் சொல்லி இவற்றை ஓரங்கட்டும் விளக்கம் சான்றுகளுக்கு நேர்மையாக இருக்காது. நாட்குறிப்பை நம்புகிறவர் நிழற்படத்தையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

‘மாறாமல் அப்படியே இருக்கும் வீடு’ என்ற புகழுரை அடுத்த சோதனைக்கு உரியது. பெருமளவுக்கு அது உண்மை. திருமணம் செய்துகொள்ளாத மகன் ராய் 1946வரை ஏறத்தாழ எதையும் அசைக்காமல் அங்கே வாழ்ந்தார்; அவருக்குப் பின் அக்கா மாட், அவர் மகள் ராஸ் சீமாட்டி ஆன் என்று பொறுப்பு கைமாறியது. ஆனால் முதன்மைப் படுக்கையறையை ஆன் மீண்டும் அலங்கரித்தார். மேல்மாடிப் பணிப்பெண் அறை 2022இல் முடிந்த சீரமைப்பில் மீட்டுருவாக்கம் செய்யப்பட்டது. குடும்பத்தாரின் அறைகள் எஞ்சியவை. பணிப்பெண்ணின் அறை திரும்பக் கட்டியது. இந்த வேறுபாட்டில் ஒரு நீதி ஒளிந்திருக்கிறது: யாருடைய பொருட்களைக் காப்பது தகும் என்று மூன்று தலைமுறைகள் எடுத்த முடிவே இன்று நாம் காணும் ‘முழுமை’. மீட்டுருவாக்கம் அந்தக் குறையை நேர்மையோடு ஈடுசெய்ய முயல்கிறது. ஆனால் எஞ்சிய பொருளின் எடையை அது பெற முடியாது.

இனி அக்கம்பக்கம். ஸ்டாஃபோர்ட் டெரஸிலிருந்து சற்று நடந்தால் ஹாலந்து பார்க் ஓவியர்களின் வட்டாரம் வந்துவிடும். 1860களில் கட்டடக்கலைஞர் ஜார்ஜ் ஏட்சிசன் வரைபடத்தில் ஓவியர் லெய்ட்டன் எழுப்பிய வீடும், பக்கத்திலேயே ஓவியர் வால் பிரின்செப்புக்குப் பிலிப் வெப் கட்டியதும் இந்தக் குடியிருப்பின் தொடக்கம். 1875இல் ‘லிட்டில் ஹாலந்து ஹவுஸ்’ இடிபட்ட இடத்தில் மெல்பரி சாலை பிறந்தது. மார்க்கஸ் ஸ்டோனுக்கும் லூக் ஃபில்டெஸுக்கும் நார்மன் ஷா வீடு வரைந்தார். கட்டடக்கலைஞர் வில்லியம் பர்ஜெஸ் தமக்கெனக் கோபுர வீடொன்றை எழுப்பிக்கொண்டார். ஓவியர் வாட்ஸின் வீடு மட்டும் 1960களில் இடிக்கப்பட்டுவிட்டது.

கலைச் சாதனையில் இந்த வட்டாரத்தின் முன் சாம்போர்ன் வீடு நிற்காது. டமாஸ்கஸ் ஓடுகளும் வால்டர் கிரேனின் மொசைக்கும் சேர்ந்த லெய்ட்டனின் அரபு மண்டபத்துக்கு இணையாக இங்கே எதுவும் இல்லை. ஆனால் லெய்ட்டன் 1896இல் இறந்த அதே ஆண்டில் அவருடைய பொருட்கள் கிறிஸ்டீஸ் ஏலத்தில் சிதறின; இன்று அங்கே இருப்பது உன்னதமான வெளிக்கூடும் அறிஞர்களின் உழைப்பால் மீண்டும் நிரப்பிய உள்ளடக்கமும். சாம்போர்ன் வீட்டில் வெளிக்கூடு சாதாரணம், உள்ளடக்கம் அசல். லெய்ட்டன் மாளிகையில் படுக்கையறை ஒன்றே ஒன்று: விருந்தினரும் புரவலரும் வந்துபோகும் பொதுமேடை அது. சாம்போர்ன் வீட்டிலோ பிள்ளை வளர்ப்பும் வேலைக்காரர் சிக்கலும் வாரக்கெடுவும் ஒரே கூரையின்கீழ் மோதிக்கொண்டன. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த வட்டாரம் விளங்கும்: புகழின் உச்சியில் நிற்கும் ஓவியர் எப்படிக் காட்சி தந்தார், சம்பளத்துக்கு வரைந்தவர் அதை எப்படி நகல் செய்தார் என்று. இரு வீடுகளையும் ஒரே நகராட்சி நிர்வகிப்பது இந்த ஒப்பீட்டுக்கு நற்பேறு.

கடைசியாக ஒரு வரலாற்றுப் பங்கு. 1957 நவம்பரில் ராஸ் சீமாட்டி இந்த வீட்டில் கூட்டிய கூட்டத்திலிருந்துதான் மறு ஆண்டில் விக்டோரியன் சங்கம் பிறந்தது; கவிஞர் பெட்ஜமனும் கட்டடக்கலை வரலாற்றாளர் பெவ்ஸ்னரும் அதன் தொடக்க ஆற்றல்கள். விக்டோரியா காலக் கட்டடங்களை அசிங்கம் என்று ஒதுக்கிய காலம் அது. யூஸ்டன் ரயில் நிலைய வளைவைச் சங்கத்தால் காப்பாற்ற முடியவில்லை. செயின்ட் பாங்கிராஸ் ரயில் நிலையம் பிழைத்தது. 1980இல் லண்டன் பெருநகர அவை வாங்கிய இந்த வீட்டைச் சங்கமே சில ஆண்டுகள் பொறுப்பேற்று நடத்தியது. ஒரு காலத்தின் மதிப்பு மீட்கப்படும் வேளையில், எதை மீட்க வேண்டும் என்று கண்முன் காட்டிய மாதிரியாக இந்த வரவேற்பறை இருந்தது. இது பெருமை. ஆனால் வசதியான நடுத்தர வர்க்கத்தின் உள்ளறையே ‘விக்டோரியா கால வீடு’ என்ற பிம்பம் பொதுமனதில் பதிவதற்கும் இது வழி செய்தது. தொழிலாளர் குடியிருப்புகள் அந்தப் பிம்பத்தில் இல்லை.

தீர்ப்பு இது: கட்டடமாக இது சாதாரணம், அலங்காரமாக இரண்டாம் தரம், ரசனையில் பின்தொடர்வு. வரலாற்றுச் சான்றாக மட்டும் முதல் தரம், அதுவும் மாறாதது என்பதால் அல்ல, ஒவ்வொரு மாற்றத்தையும் சரிபார்க்கும் ஏடுகள் உடன் இருப்பதால். காப்பு முயற்சிகளுக்கு இது விட்டுச்செல்லும் அளவுகோலும் அதுவே: அழகான அறையைக் காப்பது பாதி வேலைதான். அந்த அறையைக் கேள்வி கேட்கத் துணைசெய்யும் காகிதத்தையும் சேர்த்துக் காத்தால்தான் வீடு வரலாறாகும்.