வீடற்றவனும் மந்திரியும்

சி. வி. வேலுப்பிள்ளையைக் கவிஞர் என்றும் நாவலாசிரியர் என்றும் போற்றுவோர் பலர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்று, மந்திரிமாரைக் கேள்வி கேட்கும் உரிமை பெற்றிருந்தவர் அவர் என்பதை நினைப்போர் சிலரே. அரசியலாளரையும் எழுத்தாளரையும் இவ்வாறு பிரித்துக் காண்பது, அவர் எழுத்தை விளங்கிக்கொள்ளத் தடையாகும் என்பது நமது கருத்து.

அத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டியும் அவற்றுள் ஒன்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்டத் தொழிலாளரின் வாக்கைப் பறித்தன. 1952 தேர்தலின் பின் அக்கட்சியின் உறுப்பினர் ஒருவரும் சபையில் இல்லை. வாக்கோடு, தொழிலாளர் சார்பில் கேள்வி கேட்கும் வாயும் அடைக்கப்பட்டது.

‘வீடற்றவன்’ நாவலை இப்பின்னணியில் படித்தல் வேண்டும். தோட்டத்தில் வேலை போனால் லயத்து அறையும் போகும். சங்கம் சேர்ப்பவனுக்கு அதுவே தண்டனை. தொழில் மந்திரி பதில் சொல்ல வேண்டிய விஷயம், நாவலில் ஒரு மனிதனின் அலைச்சலாகிறது. அதனை வெறும் சோகக் கதையாகக் கற்பிப்பது ஆசிரியராகிய நமது குறை.

ஆயினும், நாவல் எந்த மந்திரியையும் பதில் கூறக் கட்டாயப்படுத்தாது. 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு பிரஜாவுரிமைச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் லயங்களோ இன்னும் நிற்கின்றன; குடியிருக்கும் நிலம் பலருக்குச் சொந்தமில்லை. நமது வாக்கால் சபை சென்றோர் இதுபற்றி என்ன கேட்டனர்? என்ன பதில் பெற்றனர்? மாணவ நண்பர்களே, ‘வீடற்றவ’னைப் படிக்கும்போது, பாராளுமன்ற விவாத ஏடாகிய ஹன்சாட்டையும் அருகில் வைத்துப் படியுங்கள்.