சுயம்பு எண்கள்: சொல்லணியா, பொருளணியா?

நெகிரி செம்பிலான் தோட்டப் பள்ளிகளில் பயிலும் சிறுவனுக்குக் கூட்டல் தெரிந்தால் போதும். கணித உலகம் இன்றும் ஆராய்ந்துவரும் ஒரு வினாவின் வாயிலில் அவனை நிறுத்தலாம். நாசிக்கையடுத்த தேவ்லாலியில் பள்ளியாசிரியராய் இருந்த கப்ரேக்கர் (1905–1986) கண்ட சுயம்பு எண்களே அவ்வாயில்.

ஓர் எண்ணுடன் அதன் இலக்கங்களைக் கூட்டுக. 15-உடன் 1, 5 ஆகியவற்றைக் கூட்ட 21 வரும். 15 தாய், 21 சேய். தாயில்லாத எண்களும் உண்டு: 1, 3, 5, 7, 9, 20, 31, 42 என வருவன அவை. கோயிலில் தானே தோன்றிய திருமேனியைச் சுயம்பு என்பதுபோல இவற்றுக்கும் அப்பெயர்.

இதனை வெறும் விளையாட்டென்று ஒதுக்கிய கணிதர் பலர். அவர்கள் கூறும் குறை எளிதில் தள்ளத்தக்கதன்று. இலக்கம் என்பது எண்ணின் இயல்பன்று. பத்து விரலால் எண்ணிய பழக்கத்தின் விளைவு. அணியிலக்கணம் கற்ற தமிழாசிரியருக்கு இக்குறை நன்கு விளங்கும். சொல்லை மாற்றி அதே பொருளுடைய வேறு சொல்லை இட்டால் அழிவது சொல்லணி, அழியாதது பொருளணி. பத்துக்குப் பதில் எட்டை அடியாகக் கொண்டு எழுதிப் பார்க்கலாம். அங்கே 17 என்பது 21 என எழுதப்பெறும் (இரண்டு எட்டும் ஒன்றும்). 17-உடன் 2-ஐயும் 1-ஐயும் கூட்ட 20. ஆக, 20-க்குத் தாய் கிடைத்துவிட்டாள். அதன் சுயம்புத் தன்மை போயிற்று!

ஆனால் குறை கூறுவோர் இங்கேயே நின்றுவிடுவதுதான் பிழை. எந்த அடியில் எழுதினும் சுயம்பு எண்கள் உண்டு, அவை முடிவற்றவை. பத்தடியில் அவை ஏறத்தாழப் பத்துக்கு ஒன்று என்ற அளவில் என்றும் குறையாமல் வருகின்றன. அவை நிலையான அடர்த்தியுடையவை என்பதைச் சானியர் 1982-இல் நிறுவினார். இன்ன எண் சுயம்பு என்பது சொல்லணி. சுயம்புகள் உண்டென்பது பொருளணி. இவ்விரண்டையும் பிரித்துணராத திறனாய்வு முழுமையானதன்று.

இன்னோர் அழகும் இதில் உண்டு. 1-இல் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போனால் 2, 4, 8, 16, 23, 28, 38, 49, 62, 70, 77, 91, 101 என வரும். 86-இல் தொடங்கினால் 100, பிறகு அதே 101. இரு தாய் உடைய இத்தகைய எண்ணைக் கப்ரேக்கர் ‘சந்திப்பு எண்’ என்றார். மேற்குக் கரைத் தண்டவாளமும் கிழக்குக் கரைத் தண்டவாளமும் கூடும் கிம்மாஸ் நிலையத்தைக் கண்ட பிள்ளைக்கு இதனை விளக்க வேறு உவமை வேண்டியதில்லை.

கப்ரேக்கர் பட்டமேற்படிப்பு இல்லாதவர். சுயம்பு எண்கள் பற்றிய நூலை 1963-இல் தம் முயற்சியிலேயே வெளியிட்டார். 1975-இல் மார்ட்டின் கார்ட்னர் ஓர் அமெரிக்க இதழில் எழுதிய பின்னரே உலகம் அவரை அறிந்தது. அதற்குச் சற்று முன்னர்க் கொலம்பியரான ரெக்கமான் இவ்வெண்களையே ஒரு வினாவாக வெளியிட்டிருந்தார். அதனால் ‘கொலம்பிய எண்கள்’ என்னும் பெயரும் நூல்களில் வழங்குகிறது. ‘தேவ்லாலி எண்கள்’ என்பாரும் உளர்.