நோபிதாவுக்கு நோய்ப்பெயர் எதற்கு?

கதைமாந்தரின் குணங்களை ஆராய்வது திறனாய்வாளரின் பழைய தொழில். அக்குணங்களுக்கு மருத்துவ நூலிலிருந்து ஒரு நோய்ப்பெயரை எடுத்துச் சூட்டுவது புதிய வழக்கம். குழந்தைகளின் நெஞ்சுக்கு நெருக்கமான கார்ட்டூன் பாத்திரங்களே இதற்குப் பெரிதும் இலக்காகின்றன. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நம் பிள்ளைகள் பள்ளியும் மதரஸாவும் முடிந்து வந்து தமிழ்க் குரலில் டோரேமான் பார்க்கும் இந்நாளில், இவ்வழக்கத்தின் தகுதியை எடைபோடுவது பெற்றோர்க்கும் உரிய பணியாகும்.

இரு சான்றுகளைக் காண்போம். 2000ஆம் ஆண்டு டிசம்பரில், கனடிய மருத்துவச் சங்கத்தின் இதழில் சாரா ஷே என்ற மருத்துவரும் அவருடைய தோழர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஏ. ஏ. மில்ன் 1926இல் படைத்த 'வின்னி த பூ' கதையின் பிராணிகளை அதில் அவர்கள் பரிசோதித்தனர். தேனையே நினைத்து மற்றதை மறக்கும் கரடிக்குக் கவனக் குறைபாடு. எதற்கும் நடுங்கும் பிக்லெட்டுக்குப் பதற்ற நோய். எந்நேரமும் முகம் வாடிய ஈயோர் என்னும் கழுதைக்கு நீடித்த மனச்சோர்வு. வேடிக்கைக்காக எழுதப்பட்ட இக்கட்டுரையைப் பின்னாளில் பலர் மெய்யான மருத்துவத் தீர்ப்பாகவே எடுத்தாண்டனர்.

மற்றொரு சான்று ஜப்பானில் உள்ளது. ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ 1969இன் இறுதியில் தொடங்கிய டோரேமானின் பாத்திரங்களைக் கொண்டு, 1997இல் ஷிபா ரியேகோ என்ற மருத்துவர் 'நோபிதா–ஜியான்' எனப் பெயரிட்டு ஒரு நூல் எழுதினார். சொன்னதை மறந்து பகற்கனவில் ஆழும் பிள்ளை நோபிதா வகை. முன்பின் எண்ணாமல் பாய்ந்து கைநீட்டும் பிள்ளை ஜியான் வகை. கவனக் குறைபாட்டின் இருமுகங்களைப் பெற்றோர்க்கு விளக்க அவர் கண்ட வழி இது.

முன்னது பாத்திரத்தை நோயாளியாக்குகிறது; பின்னது பிள்ளையைப் புரிந்துகொள்ளப் பாத்திரத்தைத் துணைக்கு அழைக்கிறது. இவ்வேறுபாடு சிறிதன்று. கவனக் குறைபாடு என்று மருத்துவர் கூறவேண்டுமாயின், அறிகுறிகள் ஆறு மாதமேனும் நீடித்திருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என ஓரிடத்திற்கு மேல் தெரிய வேண்டும். வாழ்வுக்கு இடையூறாகவும் இருக்க வேண்டும். நோபிதாவோ கதை நகர்வதற்காகவே நாள்தோறும் தோற்பவன். அவன் முட்டை மதிப்பெண் வாங்காவிடில் டோரேமானின் பைக்கு வேலை ஏது?

நோய்ப்பெயர் சூட்டுவோர் காணத் தவறுவது மற்றொன்றும் உண்டு. நோபிதா நூல் விளையாட்டில் வல்லவன், குறி தவறாதவன். பிறர் மகிழ்வில் மகிழ்ந்து பிறர் துயரில் வருந்தும் உள்ளம் அவனுக்குண்டு என்று ஷிசுகாவின் தந்தையே ஓரிடத்தில் மெச்சுகிறார். எந்த நோய்ப்பட்டியலில் இக்குணத்துக்கு இடமுண்டு? ஈயோரையும் நோக்குங்கள். வாடிய முகத்தை மாற்றிக்கொண்டு வா என்று நண்பர்கள் அவனிடம் கூறுவதில்லை. அவனுடைய பிறந்தநாளுக்கு வெறும் தேன்சாடியும் உடைந்த பலூனும்தான் பரிசாக வந்து சேர்கின்றன. அவற்றையும் அவன் மகிழ்ந்தே ஏற்கிறான். அக்கதையின் உயிர் அந்தத் தோழமையில் இருக்கிறது.

பெயர் ஆளை விழுங்கிவிடும் என்பதற்கு நம் இலக்கிய மரபே சான்று. லைலாவின் காதலனுக்குப் பெற்றோர் இட்ட பெயர் கைஸ். ஊரார் இட்டது மஜ்னூன். பித்தன் என்பது அதன் பொருள். இன்று கைஸை அறிந்தவர் எத்தனை பேர்?

நம் இல்லங்களில் இது ஏட்டளவிலான சர்ச்சை அன்று. பாடத்தில் பின்தங்கும் பிள்ளைக்கு மக்கு என்றும், பதறும் பெண்ணுக்கு ஜின் கோளாறு என்றும் பெயரிடுவோர் இன்றும் உளர். தமக்கையின் திருமணம் தடைபடுமே என்று தம்பியின் மனநோயை மறைக்கும் குடும்பங்களும் உள. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓடவும் இயலாமல் மாண்டனர். இறந்தோர் 28 பேர். மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துள்ளது. சொல்லால் இடும் சங்கிலியை எச்சட்டம் தடுக்கும்?

ஆகவே, 'நானும் நோபிதா மாதிரிதான், உம்மா' என்று ஒரு பிள்ளை சொன்னால், அதைச் சிரித்துத் தள்ளாமல் செவிகொடுக்க வேண்டும். தன் துன்பத்தைச் சொல்ல அப்பிள்ளைக்குக் கிடைத்த முதல் சொல் அதுவாக இருக்கக்கூடும். அதற்குப் பெயரிடும் பொறுப்பை முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலுள்ள மருத்துவரிடம் விட்டுவிடலாம். கதை பேச்சைத் தொடங்கி வைத்தால் போதும். மருந்துச்சீட்டு எழுதுவது அதன் வேலையன்று.