தன்னுடைமைக் கொள்கையும் இறந்தோர் உடலும்: ஒரு மதிப்பீடு

முன்னுரை

மனிதன் தன் உடலுக்குத் தானே உடைமையாளன் என்பது லிபர்டேரியனியம் எனப்படும் தனிமனிதச் சுதந்திரவாதத்தின் அடிப்படைக் கருத்தாகும். அவன் இறந்தபின் அவ்வுடல் யாருக்குரியது என்னும் வினாவிற்கு அக்கொள்கை தரும் விடை நிறைவுடையதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

உழைப்பும் உரிமையும்

ஒவ்வொருவரும் தம் உடலுக்கு உரியவர் என்றும், எவர்க்கும் உரியதல்லாத இயற்கைப் பொருளில் தம் உழைப்பைக் கலப்பவர் அதற்கு உடைமையாளராகிறார் என்றும் ஜான் லாக் தம் 'அரசு பற்றிய இரண்டாம் ஆய்வுரை'யில் (1689) நிறுவுகிறார். இவ்விரு கருத்துகளையும் பிணத்தின்மேல் பொருத்தும்போது இடர் தோன்றுகிறது. உரியவர் மறைந்த உடல், அதன்மேல் உழைத்தவர்க்கு உரியதாகிவிடும். இது வெறும் ஊகமன்று. டூட்வர்டு எதிர் ஸ்பென்ஸ் வழக்கில் (1908), இறந்து பிறந்த இருதலைக் குழந்தையின் பதப்படுத்திய உடலை மீட்கக் காட்சியாளர் ஒருவர் வழக்காடினார். சட்டத்திற்குட்பட்ட உழைப்பாலும் திறனாலும் தனித்தன்மை பெற்ற உடலைத் தம்மிடம் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என ஆஸ்திரேலியாவின் உயர் நீதிமன்றம் அவர் சார்பில் தீர்ப்பளித்தது.

பைர்னின் விருப்பம்

ஏறத்தாழ 7 அடி 7 அங்குல உயரமுடைய அயர்லாந்துக்காரர் சார்லஸ் பைர்ன் 1783இல் இலண்டனில் இறந்தார். உடற்கூற்றாய்வாளர்க்கு அஞ்சிய அவர், தம் உடலைக் கடலில் அடக்கம் செய்யுமாறு வேண்டியிருந்தார். ஆயினும், அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் பணம் கொடுத்து அவ்வுடலைப் பெற்று எலும்புக்கூடாக்கினார். ஹண்டேரியன் அருங்காட்சியகம் 2023இல் மீண்டும் திறக்கப்பட்டபோது அது காட்சியிலிருந்து நீக்கப்பட்டது, கடலில் இடப்படவில்லை.

பிணத்தில் உடைமை இல்லையாதலின் அதனை உயிலால் வழங்க இயலாது என்பது இங்கிலாந்தில் வில்லியம்ஸ் வழக்கில் (1882) உறுதிசெய்யப்பட்ட விதியாகும். உடலை உடைமையாக ஏற்றிருந்தால் பைர்னின் விருப்பம் காக்கப்பட்டிருக்கும் எனச் சுதந்திரவாதிகள் வாதிடலாம். இவ்வாதம் வலிமையுடையதே. எனினும், உடைமை என்பது விற்கும் உரிமையையும் உள்ளடக்கியது. உடலை மரபுரிமையாகப் பெற்றவர் அதனை ஹண்டர்க்கே விற்றாலும் அக்கொள்கையால் எளிதில் தடுக்க இயலாது. நிபந்தனையுடன் வழங்கியிருந்தாலும், அது மீறப்படும்போது முறையிட வேண்டியவர் உயிருடன் இல்லை.

முடிவுரை

பைர்ன் நாடியது தம் உடலுக்குப் புதியதோர் உடைமையாளரை அன்று. சொல்லைக் காப்பவரையே நாடினார். தன்னுடைமைக் கொள்கை உயிருள்ளோரைப் பிறர் ஆட்சியிலிருந்து காக்கிறது. இருப்போர் இறந்தோர்க்கு ஆற்ற வேண்டிய கடமையை விளக்க அது போதுமானதன்று. இறுதிச் சடங்கைத் தமிழ் 'நீத்தார் கடன்' என வழங்குவதும் இவண் கருதத்தக்கது. அச்சொல் இறந்தவர் உடலை இருப்போரின் உடைமையாக அன்றி, அவர்கள் தீர்க்க வேண்டிய கடனாகவே காண்கிறது.