நான்கு முகங்கள், ஐந்தாவது ஆள்

கல்யாண வீட்டு குரூப் போட்டோவில் எல்லோரும் கேமராவைத்தான் பார்ப்பார்கள். இத்தாலிய மறுமலர்ச்சிக் காலத்துக் குழு ஓவியங்களில் ஒவ்வொருவர் கண்ணும் ஒரு திசையில் போகும். அந்தத் திசைகளைப் பின்தொடரத் தெரிந்தால் பாதி ரசனை கைவந்த மாதிரி.

பழகிப் பார்க்க ஏற்ற படம், கிரெமோனா ஊரைச் சேர்ந்த சோஃபோனிஸ்பா அங்விஸ்ஸோலா 1555இல் தீட்டிய ‘சதுரங்க ஆட்டம்’. அவருடைய தங்கைகளில் மூவரும் வீட்டுப் பணிப்பெண்ணும் படத்தில் இருக்கிறார்கள். இன்று அது போலந்தின் போஸ்னான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

கண்களிலிருந்து தொடங்குங்கள்

வலது ஓரத்தில் பணிப்பெண் ஆட்டத்தைக் கவனிக்கிறார். நடுவில் மூன்று தங்கைகளில் இளையவளான எவ்ரோப்பா, இன்னொரு தங்கை மினெர்வாவைப் பார்த்துச் சிரிக்கிறாள். மினெர்வாவோ கையை உயர்த்தி, ஏதோ சொல்ல வாயெடுத்தபடி எதிரே ஆடும் சகோதரி லூசியாவைப் பார்க்கிறாள். ஆட்டத்தில் கை ஓங்கிய லூசியா பலகையைவிட்டு நிமிர்ந்து நேராக நம்மைப் பார்க்கிறாள். நாம் நிற்கும் இடத்தில் அன்று தூரிகையோடு இருந்தவர் அவளுடைய அக்கா. ஆக, பார்வைகளின் சங்கிலி போய் முடிவது படத்தில் இல்லாத ஐந்தாவது ஆளிடம். தானே தீட்டியதாகப் பலகையின் விளிம்பில் லத்தீனில் எழுதியும் வைத்திருக்கிறார் அவர்.

அடுத்து, வண்ணம்

எண்ணெய் வண்ணம் மெதுவாகக் காயும். அதனால் கன்னத்தின் வெளிச்சத்தையும் நிழலையும் கோடு தெரியாமல் இழைக்க முடியும். காய்ந்த அடுக்கின் மேல் மெல்லிய வண்ணப் பூச்சு ஏற்றினால் அடியிலுள்ள நிறம் ஊடுருவித் தெரியும். உடைகளின் ஜரிகை வேலையையும் மேசைக் கம்பளத்தின் நெசவையும் பாருங்கள்: ஒவ்வோர் இழையும் துல்லியம். பின்னால் மலைகளோ நீலமாக மங்கிக் கரைகின்றன. தூரத்தை உணர்த்த அந்தக் காலத்து ஓவியர்கள் கையாண்ட உத்தி இது.

வரைந்து பழகுகிறவர்களுக்கு

வண்ணத்தைத் தொடுவதற்கு முன் தாளில் நான்கு முட்டை வடிவங்கள் போட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் பார்வை போகும் திசைக்கு அம்புக்குறி இடுங்கள். பிறகு லூசியாவின் அம்பை மினெர்வா பக்கம் திருப்பிப் பாருங்கள். படம் தனக்குள் மூடிக்கொள்ளும். நமக்கு அங்கே இடமிருக்காது.

அதே பயிற்சியை ரஃபேல் தீட்டிய போப் பத்தாம் லியோவும் இரு கார்டினல்களும் உள்ள படத்தில் செய்யுங்கள். ஒருவர் அம்பும் இன்னொருவர் முகத்தில் போய் விழாது. அந்த மூவரும் உறவினர்கள் என்பதையும் சேர்த்து யோசித்தால் படம் இன்னும் சுவாரசியமாகும்.