வாளின் வரலாறும் வரிசையின் பாடமும்

வாளேந்தியவன் பெயரை ஏடுகள் பொறித்து வைத்திருக்கின்றன. அந்த வாளை வடித்த கொல்லன் பெயர்? கேட்பாரில்லை! அரண்மனைச் சுவரில் தொங்கும் ஆயுதம் அரசனின் புகழைத்தான் பாடும். உழைத்த கரத்தைப் பற்றி ஓர் எழுத்தும் உரைக்காது. அந்த மரபுக்கு மாறாக ஆயுதங்களை அடுக்கிக் காட்டியவர் இங்கிலாந்தின் படைத்தளபதி பிட் ரிவர்ஸ் (1827–1900).

1850-களில், படைவீரருக்கான புதிய துப்பாக்கிகளைச் சோதிக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. ஒரு துப்பாக்கிக்கும் அடுத்ததற்கும் இடையே சிறுசிறு திருத்தங்களே இருக்கக் கண்டார். ஆர்வம் பிறந்தது. துப்பாக்கியில் தொடங்கிய சேகரிப்பு, வேல், வில், கேடயம், பானை, கூடை என விரிந்தது. விலையுயர்ந்ததா, வேந்தன் தொட்டதா என்று அவர் பார்க்கவில்லை. எளியதிலிருந்து நுட்பமானது வரை, வகைவகையாக வரிசைப்படுத்தினார். 1884-ஆம் ஆண்டில் 20,000-க்கும் மேற்பட்ட பொருள்களை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்திற்கு வழங்கினார். மானிடவியல் கற்பிக்க ஒருவரை அமர்த்த வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை.

1880-ல் பரம்பரைச் சொத்தாகப் பெருநிலம் ஒன்று அவர் கைக்கு வந்தது. அங்கே, டார்செட் வட்டாரத்துப் பார்னம் என்னும் சிற்றூரில், மற்றொரு காட்சிசாலையை எழுப்பினார். உழவரின் கருவிகளும், தம் நிலத்தில் அகழ்ந்து கண்ட உரோமர் காலத்துக் குடியிருப்புகளின் மாதிரிகளும் அங்கே இடம்பெற்றன. மன்னர் இல்லாத வரலாறு! இதனை மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால், அந்த வரிசையைக் காட்டி அவர் புகட்ட நினைத்த பாடம் என்ன? இயற்கை தாவிச் செல்வதில்லை. இதைக் கண்ணாரக் காணும் பாமரர் புரட்சிப் பேச்சுக்கு எளிதில் செவிசாய்க்கமாட்டார் என்று 1891-ல் சொற்பொழிவாற்றினார். நாட்டுப்புறத் தொழிலாளர் பலர், 1884-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அப்போதுதான் வாக்குரிமை பெற்றிருந்தனர் என்பதை நினைவிற்கொள்க! கழி மெல்ல மெல்ல வளைதடியாகியிருக்கலாம். அதனால் உரிமையும் மெல்லத்தான் வரவேண்டுமா? மரத்திற்குப் பசியில்லை, மனிதனுக்கு உண்டு. பெருநிலத்தின் உடைமையாளர், நிலமற்றவனைப் பார்த்துப் 'பொறு' என்பது அறிவியலன்று. ஆதிக்கம் அறிவியலின் ஆடையை உடுத்திக்கொண்ட காட்சி.

வரிசை மற்றொன்றையும் மறைத்தது. தம் காலத்தில் வாழ்ந்த ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் கருவிகளை மனிதகுலத்தின் தொடக்கப் படியில் நிறுத்தி, அம்மக்களையே பழைய காலத்தின் எச்சமாக்கியது. 1897-ல் ஆங்கிலப் படை பெனின் நகரைச் சூறையாடியது. அங்கிருந்து வந்த கலைப்பொருள்கள் பலவற்றை அவர் விலைக்கு வாங்கிப் பார்னத்தில் வைத்தார். வடிவம் எப்படி வளர்ந்தது என்று சொன்ன காட்சிசாலை, பொருள் எப்படி வந்தது என்பதை ஆராயவில்லை.

இரு காட்சிசாலைகளின் முடிவைப் பாருங்கள். குடும்பச் சொத்தாகவே நின்ற பார்னம் காட்சிசாலை 1960-களில் மூடப்பட்டது. பெனின் பொருள்கள் உட்படப் பல, விற்பனையில் சிதறின. அவ்வட்டாரத்து அகழ்வுப் பொருள்கள் மட்டும் 1975-ல் சாலிசுபரி அருங்காட்சியகத்தை அடைந்தன. ஆக்ஸ்போர்டுக்குத் தந்ததோ நிலைத்து நிற்கிறது. நிற்பதோடு, தன்னைத் திருத்தவும் செய்கிறது: அங்கே காட்சிக்கு வைத்திருந்த மனிதத் தலைகளை 2020-ல் அகற்றினார்கள்.

தனியார் பெட்டகத்தில் பூட்டிய பொருள் உடையவனின் பெருமையைப் பேசும். ஏலத்திற்கு வந்தால் அதுவும் போகும். பொதுமன்றத்திற்கு வந்த பொருளிடம் எவரும் வினா எழுப்பலாம். தவறான விளக்கத்தை மாற்றி எழுதலாம். எனவே, ஆயுதம் அளித்தவருக்கு நன்றி சொல்வோம். அதனருகே எழுதும் விளக்கத்தை மட்டும் அவரிடமே விட்டுவிடாதிருப்போம்!